பானட் ஒன்று

ஒன்பது வருஷமாக என் வேலை மறைப்பது.
ரவுண்டானாவில் இடித்ததை,
பார்க்கிங் தூணில் உரசியதை,
முதலாளிக்குத் தெரியக்கூடாத டிரைவரின் கீறலை
புட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து
நடக்கவே இல்லை என்று ஆக்குவது.
ஷார்ஜா சனாயாவில்
என் கையால் பொய் சொல்லாத தெரு இல்லை.

ரொடெல் கொண்டுவந்தது கார் இல்லை.
பெட்ஷீட்டில் சுற்றிய மரம்.
தேராவில் ஏதோ ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிறான்.
கம்பி இல்லை, கழுத்து இல்லை, உடம்பு மட்டும்,
முகத்தில் வெளுத்த மேப்பிள்.
"நீலம்" என்றான்.
எந்த நீலம்?
போனைத் திறந்து காட்டினான்:
க்ரீக்கில் கப்பல் கட்டிய இடத்தில்
தண்ணீர் மேல் மிதக்கும் டீசல்.

பார்த்தால் ஒன்றுமில்லை அந்த மரத்தில்.
ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன்.
யாரோ புரண்டு படுத்த விரிப்பு மாதிரி
குறுக்கே வரிவரியாய் எழுந்தது.
காய்வதற்குள் போய்விட்டது.

முதலில் கறுப்பு.
நீலம் கேட்டவன் கண்ணெதிரே
கறுப்பைத் தடவும்போது அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது.
ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், பழைய பனியன் துணி.
நெளிந்த இழை வாயைத் திறந்து குடிக்கும்,
நேரான இழை உதட்டோடு துப்பும்.
அப்புறம் முந்நூற்றிருபது தாளை எடுத்து
போட்ட கறுப்பையெல்லாம் திரும்ப எடுக்கவேண்டும்.
காரில் இப்படிச் செய்தால்
ஃபோர்மேன் ஜர்வாலி செருப்பைக் கழற்றுவார்.
இங்கே எடுப்பதுதான் வேலை.
எடுத்த பிறகும் போகமாட்டேன் என்று நிற்பதுதான் வரி.

ஆகஸ்ட்.
நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டினேன்,
ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் நீலத்தில் ஒரு கண் விழும்.
வேர்வை விழவில்லை. வேறொன்று தெரிந்தது:
மேல்விளிம்பில், ஒரு திர்ஹாம் அகலத்துக்குச்
சாயம் ஏறவே இல்லை.
யாரோ ஒட்டியபோது சிந்திய பசை.

கை தானாகவே கன்னுக்குப் போனது.
ஓரம் சுற்றிக் கறுப்பை ஊதிவிட்டால்
ஸ்டைல் என்று நினைப்பார்கள், அதற்குப் பெயர்கூட உண்டு.
ஊதியிருப்பேன்.
ஏனோ போன் செய்தேன்.

இரவு இரண்டரைக்கு வந்தான், கழுத்தில் போ-டையோடு.
கம்பியில்லாத உடம்பை வயிற்றில் அணைத்து
வலதுகையைப் போட்டான்.
வெள்ளை காணாமல் போனது.
"இங்கே என் கை இருக்கும்."
கையை எடுத்தால்?
"பாட்டு முடிந்திருக்கும்."

கிளியர் அடிக்கும் நாளில் ஷமால் காற்று.
தரையை நனைத்து, கதவிடுக்கில் டேப் ஒட்டி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு கோட்டு.
மூன்றாவதில் ஒரு மணல் விழுந்தது.
இப்போதும் உள்ளே இருக்கிறது.
இடம் எனக்கு மட்டும் தெரியும்.
ரொடெலிடம் சொல்லவில்லை.
ஒன்பது வருஷப் பழக்கம், ஒரே நாளில் போகுமா?

பாலிஷ் முடிந்து டியூப்லைட் கீழே பிடித்தோம்,
அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
"நடுவில் இருக்கிற அந்தக் கறுப்பு வரி நன்றாக வந்திருக்கிறது" என்றேன்.
"எது? அது வெளிச்சமாக அல்லவா இருக்கிறது?" என்றான்.
இல்லை, கறுப்பு.
இல்லை, வெளிச்சம்.
சத்தம் கேட்டு ஜர்வாலி வந்தார்,
என் பக்கம் நின்றார், தலையாட்டினார்.
அவன் பக்கம் போனார், அங்கும் தலையாட்டினார்.
பிறகு எங்கள் இருவரையும் திட்டினார்.

பில் புத்தகத்தில் கிட்டாருக்கு இடம் கிடையாது.
டோர், ஃபெண்டர், பம்பர், பானட்.
விரலை ஓட்டிக்கொண்டே வந்து
'பானட் ஒன்று' என்று எழுதினார்.
வண்டி நம்பர்?
பேனா நின்றது.
"இதற்கு எத்தனை கம்பி?"
ஆறு.
கட்டத்துக்குள் ஆறு என்று போட்டுவிட்டு
கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.
ஒற்றை இலக்க நம்பர்.
இந்த ஊரில் அது எவ்வளவுக்குப் போகும் தெரியுமா என்று
ரொடெலைக் கேட்டார்.