ஞாயிறுதோறும் ஒன்று

பதினேழு என்றது தாள்.
எழுபத்தைந்தாவது இருக்க வேணும் என்றார் டொக்டர்,
கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல
கண்ணாடிக்கு மேலால் பார்த்து.

அதுவரை அதற்கு நான் வேறு பெயர்கள் வைத்திருந்தேன்:
வயது, மலிவுச் சப்பாத்து,
இரண்டாவது பிரசவத்தில் முதுகில் ஏற்றின ஊசி.
ஒரு மாதம் முழுக்க மெத்தையைத் திட்டி
புதுசு வாங்கினேன், நானூற்று நாற்பது டொலர்.
அதிலும் படுத்து எழும்பக்
கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.
முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்தினால்
உள்ளே யாரோ "ம்" என்பார்கள்.

வின்னிபெக்கில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில்
ஆறு வருச இரவு வேலை.
இருட்டில் போய், இருட்டில் வந்து,
நடுவில் கிடந்த பகலைக்
கறுப்புத் திரையால் மூடிவிட்டு நித்திரை கொண்டேன்.
எங்கள் விரிப்புகள் காய
வெயில் தேவைப்பட்டதில்லை.
எனக்கும் தேவையில்லை என்றே நினைத்திருந்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் தாளைக் காட்டினேன்.
மரிவிக் நாற்பத்தொன்று. ஹோடன் இருபத்திரண்டு.
ஒக்ஸானாவுக்கு ஐம்பத்தெட்டு;
அவளோடு அன்றைக்கு ஒருத்தரும் கதைக்கவில்லை.
நான் கடைசி வாங்கு.

மாசி மாதம், மைனஸ் முப்பத்தொன்று.
கண் கூசும்படி சூரியன்
பனி முழுக்கக் கண்ணாடி அரைத்துப் போட்டிருந்தது.
சரிந்து விழுகிறதில் சத்தில்லையாம்.
வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை.
இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற பாஷையில்
பிறந்தும் எனக்கு இது விளங்க நாற்பத்துநாலு வயதாயிற்று.

குடையில்லாமல் வாசல் தாண்ட விடாத வீடு எங்களுடையது.
கறுத்தால் சீதனம் கூடும்.
வேலிக்கு அந்தப்பக்கம் சும்மா கொட்டிக் கிடந்ததை
நான் ஒரு கை அள்ளவில்லை.
இப்போது போத்தலில் வாங்குகிறேன்.

கிழமைக்கு ஒரு குளுசை.
ஞாயிற்றுக்கிழமை போடுங்கோ, மறக்காது என்றான்
பார்மசிப் பெடியன், இங்கிலீசில்.
தான் என்ன சொன்னான் என்று
அவனுக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு ஒன்றுமில்லை.
நாலாவது ஞாயிறும் ஒன்றுமில்லை.
ஐந்தாவதில் படியில் இருந்து அழுதேன்,
ஏழே ஏழு படி.
கிருபா ஒன்றும் சொல்லாமல்
சமன் மீன் ரின் வாங்கி அடுக்கினார்,
புயல் வரப்போகிற வீடுமாதிரி.

பின்னேர வேலைக்கு மாறினேன்.
மணிக்கு ஒன்றரை டொலர் குறைவு.
ஆனி மாதம், பகல் பன்னிரண்டு மணி,
பின்வளவில் பிளாஸ்டிக் கதிரை,
சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி
கால் மணித்தியாலம்.
முதல் நாள் களவெடுக்கிறமாதிரித்தான் இருந்தது.
நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
நான் மறுபக்கத்தால் வந்து சேர்ந்தேன்.

எந்த நாள் சுகமானது என்று எனக்குத் தெரியாது.
உலர்த்தி யந்திரத்துக்குக் கீழே
யாருடையதோ ஒற்றைக் காலுறை.
குந்தி எடுத்தேன், எழும்பினேன், மடித்து வைத்தேன்.
"கை" என்றாள் மரிவிக்.
"என்ன கை?"
"ஊன்றவில்லை."

அறுபத்துமூன்று இப்போது.
இன்னும் பாஸ் இல்லை.
குளிர் வர எலும்பு மறுபடி "ம்" சொல்லக்கூடும்,
சொன்னால் யாரென்று தெரியும்.

நேற்றிரவு முதல் உறைபனி என்றார்கள்.
கறுப்புத் திரையைக் கழற்றிக்கொண்டு போய்
தக்காளிக்குப் போர்த்தேன்.
காலையில் யன்னல் வழியே
ஒரு பாய் அளவு
கட்டிலில் விழுந்து கிடந்தது.
எழும்பாமல் காலை மட்டும் அதற்குள் நீட்டினேன்.