இருநூறு கிராம்

வ்ரீன் ஊரில் எங்களை இறக்கிவிட்டுத்
திரும்பிப்போன தபால் பஸ்ஸின் சத்தம்
வளைவுக்கு வளைவு மெலிந்து
கடைசியில் ஏதோவொரு மாட்டின் மணிக்குள் போய்விட்டது.
புல் வாரிக்கொண்டிருந்தவர்
"பியன் தி" என்றார்.
பதினேழு வருடம் பாடுபட்டுப் படித்த ஜெர்மன்
வாய்க்குள் சும்மா கிடந்தது.

நான்கு நாள். இரண்டு முதுகுப்பை. ஒரு கூடாரம்.
சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாய் நிறுத்துத்
தாளில் எழுதியவள் நான்.
எனக்கு ஒன்பது கிலோ, அவனுக்குப் பன்னிரண்டு.
பல்துலக்கியின் காம்பைக்கூட அறுத்தேன்.
தவரூபனோ
கடைசி நிமிடத்தில்
நான்கு சின்ன டின்மீனைக்
காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தான்.

டீஸ்ருட் கணவாய்க்கு ஏறும்போது
பேச மூச்சு மிஞ்சவில்லை.
குறிஞ்சி என்றால்
மலையும் மலை சார்ந்த இடமும் என்று எழுதிப்
பள்ளிக்கூடத்தில் புள்ளி வாங்கியவள்.
புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்பதை
டீச்சர் அவசரமாகத் தாண்டிப் போனா.
குதிக்கால் கொப்புளம் பற்றி
அதில் ஒரு வரியும் இருந்ததாய் ஞாபகமில்லை.

அன்றிரவு
ஒரு முளையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்காகச்
சண்டை பிடித்தோம்.
கல்லை வைத்துக் கயிற்றைக் கட்டினோம்.
மழை வந்தது. கல் நின்றது.
சண்டையும் கொஞ்சநேரம் நின்றது.

இரண்டாம் நாள் விடியப் பையைத் தூக்கினேன்.

பார்சல் நிலையத்தில்
பதினோரு வருடமாய் இரவு வேலை எனக்கு.
பட்டையில் ஓடிவரும் பெட்டியைத் தொட்டவுடன்
கை எடை சொல்லும்.
எண்ணூறு கிராம் குறைவு.
அவன் கூடாரக் கம்பியை மடித்தபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.
அடுப்பு இடம் மாறியிருந்தது.

கோபம்தான் முதலில் வந்தது.
பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய தோள் இது.
கேட்டிருக்கலாம்.
"பழகிட்டுது போல, பாரமே தெரியேல்லை"
என்று மட்டும் சொன்னேன்.
அப்போது அவன் முகத்தில் வந்த திருட்டுச் சந்தோசத்தைப்
பார்க்காத மாதிரி
சப்பாத்துக்குக் கயிறு கட்டினேன்.

பிறகு கிரைனா.
வரைபடத்தில் ஒற்றை நீலக் கோடாய் இருந்த ஆறு
நேரில்
எந்த வழியால் போவதென்று தெரியாமல்
எல்லா வழியாலும் போய்க்கொண்டிருந்தது.
மரமில்லை. மனிதரில்லை. கைபேசியில் கோடுமில்லை.
சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினோம்.
தண்ணீரின் குளிர்
எலும்பைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டது.
நடு ஆற்றில் "தர்மினி, கல்லு வழுக்கும்" என்றான்;
சொன்னவன்தான் வழுக்கினான்.
இடுப்பளவு நனைந்து நின்றவனைப் பார்த்துச்
சிரித்ததில் எனக்கு விக்கல் எடுத்தது.

மூன்றாம் நாள் என் பையில் அரிசியைக் காணோம்.
மழையங்கியையும் காணோம்.
இறக்கத்தில்
அவன் இடக்காலைச் சரித்துச் சரித்து வைத்தான்.
"முழங்காலோ?"
"இல்லை, கல்லு."
கல் எதுவும் இருக்கவில்லை.

அன்றிரவு அவன் குறட்டையின் ஏற்ற இறக்கத்தோடு
ஒத்துப்போகும்படி
பை வாயைப் பல்லுப் பல்லாகத் திறந்தேன்.
அடுப்பு, அரிசி, அங்கி,
காலுறைக்குள் மிஞ்சியிருந்த ஒன்று.
இருட்டில் நிறுக்கத் தராசு வேண்டியிருக்கவில்லை.

விடிந்ததும் அவன் பையைத் தூக்கிவிட்டு
ஒரு கணம் அப்படியே நின்றான்.
"சாப்பிட்டு முடிச்சிட்டம், அதுதான் காத்தா இருக்கு."
"ஓம்," என்றேன்.

ஒலிவோனே பஸ் தரிப்பிடத்தில்
நாங்கள் மணந்த மணத்துக்கு
வாங்கில் வேறு யாரும் உட்காரவில்லை.
பாணை எடுத்துவிட்டு
நாலாவது டின்னைத் தேடித்
தன் பையைக் குடைந்தான்.
மேலே, கீழே, பக்கவாட்டில்.
நான் என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

டின்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மறுபடி டின்னைப் பார்த்துவிட்டு
வளையத்தில் விரலைக் கொழுவி இழுத்தான்.
எண்ணெய் வடிந்து
நேர அட்டவணையில் விழுந்தது.

பஸ் வந்தது.
"போன்ஜோர்னோ" என்றார் சாரதி.
வாய் நிறைய மீன்.
இருவரும் தலையை மட்டும் ஆட்டினோம்.