அட்டையின் மறுபக்கம்

மார்ச்சில் தேர்வு.
ஆங்கிலத்தில் அதற்கு மேல் தேர்வே கிடையாதாம்.
சீருடைப் பையில், தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில்,
ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு.
முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் போலிஷ்.
ஹல் நகரத்து ஆஸ்பத்திரி, ஏழாம் வார்டு,
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே
உதடு அசையாமல் படிப்பேன் இரவெல்லாம்.

சில அட்டைகள் சுலபம்.
சுலபம் என்பது அவர்களுக்குக் கேக் துண்டு,
எங்களுக்கு வெண்ணெய் தடவிய பன்.
அவர்கள் சாக்குக்குள் பன்றியை வாங்கி ஏமாந்தால்
நாங்கள் பூனையை வாங்கி ஏமாறுகிறோம்.
சாக்கு ஒன்றுதான்.
மண்ணெலி தள்ளிய மேட்டை அவர்கள் மலையாக்குகிறார்கள்,
ஊசியை நாங்கள் வைக்கோல் வாரும் கவையாக்குகிறோம்.

வார்டில் பேசுவது எந்த அட்டையிலும் இல்லை.
ஐந்தாம் படுக்கை
இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை
என்றார் டாக்டர், நான் சேர்ந்த புதிதில்.
ஜன்னலைப் பார்த்தேன்.
கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.
ஒன்பதாம் படுக்கை முனை திரும்பிவிட்டாராம்.
அந்த மனிதரின் கால் தரையில் பட்டு
எட்டு நாளாகியிருந்தது.

சாவுக்கு மட்டும் பதினேழு அட்டை வைத்திருக்கிறேன்.
வாளியை உதைக்கிறார்கள்.
மரச்செருப்பைக் கழற்றிப் போடுகிறார்கள்.
அமெரிக்கர்கள் போகிற போக்கில் ஒரு பண்ணையே வாங்குகிறார்கள்.
புதைத்த பிறகும் ஓய்வில்லை,
டெய்சிச் செடிகளைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும்.
எங்கள் பிணங்கள் அவ்வளவு உழைப்பதில்லை.
அடியில் படுத்தபடி பூக்களை மோந்து பார்க்கும்,
அத்தோடு சரி.
வாளி எங்களுக்கு மழை சம்பந்தப்பட்டது.

நேற்று மூன்று நாற்பதுக்கு
ஐந்தாம் படுக்கையின் பிளென்கின் போனார்.
ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடித்தவர்,
கலினா என்ற என் பெயரை
கரோலினா, கரீனா, ஒருமுறை கடற்கரை ஊர் ஒன்றின் பெயராலும் கூப்பிட்டவர்.
மகளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.
எண்ணை அழுத்த அழுத்த
பதினேழு அட்டையும் எதிரே வந்து நின்றன.
ஒன்றும் உதவாது.
உங்கள் அப்பா இறந்துவிட்டார், என்றேன்.
முதல் வகுப்பு வினைச்சொல்.
எங்கள் மொழியில் இல்லாத அந்தக் குட்டிச் சொல்லை,
பதினோரு வருடமாக நான் தப்பான இடத்தில் வைக்கும் அதை,
எங்கேயும் வைக்க வேண்டியிராத வாக்கியம்.

மறுமுனையில் ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்டது.
பிறகு குழாயைத் திறந்து
கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.
பிறகு அவள் சொன்னாள்:
எண்பத்தெட்டு வயது. நல்ல இன்னிங்ஸ்.

ஆமாம், என்றேன், புரிந்தவள் மாதிரி.

சலவை அறையில் நின்று எழுதினேன்.
அட்டை எண் அறுநூற்றுப் பதினொன்று.
கடைசி எழுத்தை நம்பிப் பன்மை என்றெண்ணாதே, ஒருமைதான்.
மட்டையோடு களத்தில் நிற்கிற நேரம், என்கிறது போன் அகராதி.
கிரிக்கெட்டை நான் பார்த்தது
வேறு சேனல் தேடும்போது மட்டும்:
வெள்ளை உடுப்பில் நிறையப் பேர்
புல்வெளியில் எதற்கோ காத்திருந்தார்கள்.

அட்டையைத் திருப்பினேன்.
சுவாவ்கியில் யாரும் மட்டை பிடிப்பதில்லை.
பத்து மாதம் பனி, மீதி இரண்டு மாதம் சளி
என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள்.
அங்கிருந்து போன ஈஸ்டருக்கு முன்னால்
அக்கா போனில் அழைத்து
அப்பாவைப் பற்றிச் சொன்னாள்:
தன்னுடையதை வாழ்ந்துவிட்டார்.
போலிஷில் இரண்டே சொல்.
அன்றைக்கும் இதே வார்டு, இதே ஷிஃப்ட்,
அன்றைக்கும் ஆமாம் என்றேன்,
புரிந்தவள் மாதிரி.

முதல் சொல்லை எழுதியிருப்பேன்,
வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.
ஐந்தாம் படுக்கைக்கு விரிப்பு மாற்ற வேண்டுமாம்.
ஆறு மணிக்குள் அடுத்த ஆள் வருகிறார்.