கண்ணாடியில் வைக்க முடியாதது

இந்த அமிலத்தைக் கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது.
புட்டியையே தின்றுவிடும்.
பால்வெள்ளைப் பிளாஸ்டிக் குடுவையில்,
அலமாரியின் அடித்தட்டில்,
தனியே உட்கார்ந்திருக்கும்
யாரும் தடவிக்கொடுக்காத நாய் மாதிரி.

எமாயோகி ஆறு உறையத் தொடங்கிய வாரம்.
மூன்று மணிக்கே தார்த்து நகரம் விளக்குப் போட்டுவிட்டது.

தனியாக யாரும் இதைத் தொடக்கூடாது என்பது விதி.
ஒருவர் ஊற்ற, ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.
அன்று பார்த்திருக்க மிச்சமிருந்தவன் ஊர்மாஸ்.

அவனோடு பேசி ஐந்து மாதம்.
ஒரு வெள்ளிக்கிழமை குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்தாமல் போனான்.
உறைந்த ஏரிமேல் நாலு பேர் நின்று
துளைத்தெடுத்த சேறு,
எட்டாயிரம் வருடம், மூன்று மீட்டர்,
திங்கட்கிழமை தரையில் ஓடியது.
மன்னிப்புக் கேட்டான்.
நான் துடைப்பத்தைக் கொடுத்தேன்.

மிஞ்சியது இந்த ஒரு கரண்டி.
அமிலம் மணலைத் தின்னும், களிமண்ணைத் தின்னும்,
மகரந்தத்தை மட்டும் விட்டுவிடும்.
ஏனென்று வேதியியல் சொல்லும்.
எனக்கு அது இன்னும் போதவில்லை.

மெல்லிய கையுறை, அதன்மேல் தடித்த கையுறை,
முகக்கவசம், முழங்கால் தாண்டும் ஏப்ரன்.
காற்றுறிஞ்சும் பெட்டியின் கதவை மார்புவரை இறக்கி
ஊற்றினேன்.

வலிக்கவில்லை.
கையுறை முடிந்து சட்டைக்கை தொடங்கும் இடத்தில்
கடுகளவு ஈரம், அவ்வளவுதான்.
வேறு அமிலமென்றால் கத்திச் சொல்லியிருக்கும்.
இது ஓசைப்படாமல் உள்ளே போய்
எலும்பிடம் சுண்ணாம்பு கேட்கும்.

"பட்டுவிட்டது" என்றேன்.
ஐந்து மாதத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் சொல்.

அவன் பதறவில்லை.
முழங்கையால் அலாரத்தை அழுத்தினான்.
கையுறையையும் சட்டைக்கையையும் கத்தரித்து எறிந்தான்.
குழாயடியில் ஐந்து நிமிடம்,
கடிகாரத்தையே பார்த்தபடி.
பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு
சுவரின் மஞ்சள் பெட்டியிலிருந்து
கால்சியம் களிம்பைப் பிதுக்கித் தேய்த்தான்.

தேய்ப்பதை நிறுத்தக்கூடாது. அதுவும் விதி.
ஆம்புலன்ஸ் பனியில் வழுக்கி வழுக்கி வரும்வரை
அவன் விரல் என் மணிக்கட்டில் சுற்றியது, சுற்றியது.
எங்களுக்கு நடுவே ரப்பர் இருந்தது,
களிம்பு இருந்தது,
அந்தக் குளிர்ப்பெட்டிக் கதவும் இருந்தது.

"பழைய களிம்பு அக்டோபரோடு காலாவதி, விர்வே.
மாற்றி வைத்திருந்தேன்" என்றான்
சுவரைப் பார்த்து.

நான்கு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு
நுண்ணோக்கியில் குனிந்தேன்.
அமிலம் தின்று மிச்சம் வைத்த வெளிச்சத்தில்
ஒரு லிண்டன் மரத்தின் தூள்,
நேற்று உதிர்ந்தது போல.

எழுத எனக்குக் கை வரவில்லை.
"லிண்டன், ஒன்று" என்றேன், தலை தூக்காமல்.
அறையின் அந்தப் பக்கம் பென்சில் உரசியது.

முந்நூறு வரை எண்ண வேண்டும்.

"ஆல்டர், ஒன்று."