வாதி

சொஹாரில், மீன் மார்க்கெட் தாண்டி,
பெயின்ட் உரிந்த இரண்டு மாடிக் கட்டடம்.
உச்சியில் பதினொரு டிஷ்.
அத்தனையும் ஒரே பக்கம் அண்ணாந்திருக்கும்
பல் டாக்டரிடம் வாயைத் திறந்ததுபோல்.
எங்களுடையது கடைசி.
கால் கோணல், செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது பேர், தலைக்கு ஒரு ரியால், மாதச் சந்தா.
திருவாரூரில் பால் விலை ஏறியது தெரியும்.
தென்காசியில் எந்த வார்டில் குழாய் உடைந்தது, அதுவும் தெரியும்.
எட்டரை மணி சீரியலில்
மருமகள் பத்திரத்தை எங்கே ஒளித்தாள் என்பது
எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்,
அவள் புருஷனுக்குத்தான் தெரியாது.

உள்ளூர் டி.வி. மட்டும் வராது.
எண்ணை அழுத்தினால் கறுப்புத் திரை:
'இந்தச் சேனல் உங்கள் சந்தாவில் இல்லை.'
அதன் கோபுரம் சிவப்பு விளக்கோடு
நாங்கள் துணி காயப்போடும் கொடிக்கு நேர் எதிரே.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போனது
ஒழுங்காய் இறங்கி வருகிறது.
முக்கால் கிலோமீட்டரில் இருப்பது
வரமாட்டேன் என்கிறது.

கம்பெனிக்கு போன் போட்டேன்.
"அது தரையில் வர்றது சேட்டா,
நாங்கள் வானத்தில்தான் கொடுக்கிறோம்."
சிரித்தோம். விட்டுவிட்டோம்.
அரபியில் யாருக்கு என்ன வேலை?

அக்டோபரில் ஒரு சாயங்காலம்
சென்னைச் செய்தியின் காலடியில் ஓடும் பட்டையில்,
தங்கம் கிராமுக்கும் டெஸ்ட் ஸ்கோருக்கும் நடுவே,
எங்கள் ஊர் பெயர் ஓடியது.
'சொஹார் அருகே கரையைக் கடக்க'
அதற்குள் சோப்பு விளம்பரம்.
ஜன்னலைத் திறந்தோம்.
கடல் பக்கம் வானம் சுட்ட கத்தரிக்காய்த் தோல்.

எப்ராயீம் குடையைப் பிரித்துக் கம்பி எடுத்தான்.
நான் ஒயரைப் பல்லால் சீவி முறுக்கினேன்.
நாலாவது தடவை, புள்ளி புள்ளியாய்,
வந்தது எதிர்வீட்டுச் சேனல்:
ஒரு வரைபடம், ஒரு சுழி, கீழே எழுத்து.

தஸ்தகீர் மதரஸாவில் படித்தவன்.
ஓத வரும், பொருள் வராது.
பழக்கத்தில் எச்சரிக்கையை ராகத்தோடு தொடங்கிவிட்டு
வெட்கப்பட்டு நிறுத்தினான்.
வெறும் குரலில் மறுபடி.
புரிந்தது ஒரே சொல். மூன்று தடவை வந்தது.
வாதி. வாதி. வாதி.

நம்மூரில் வாதி என்றால் கேஸ் போட்டவன்.
இங்கே வாதி, காய்ந்த ஆறு.
வெள்ளிக்கிழமை நாங்கள் கிரிக்கெட் ஆடும்
கூழாங்கல் பள்ளம்.
இந்தக் கட்டடம் அதன் மடியில் நிற்கிறதென்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்,
அந்தச் சேனலில்.

இரவு பத்தே காலுக்கு வாதி ஆஜர்.
நிலத்தைத் திருப்பிக் கேட்டு வந்தது.
பிரதிவாதிகள் ஒன்பது பேர்,
மொட்டைமாடியில், டி.வி.க்கு ஒரு போர்வை போர்த்தி.
வாய்தா கேட்க நேரமில்லை.
கீழே மெத்தை, அரிசி மூட்டை,
அப்பாதுரை மகளுக்கு வாங்கிய சைக்கிள், எல்லாம் போச்சு.
பாஸ்போர்ட்டுகள் மட்டும் பத்திரம்.
அவை கம்பெனி அலமாரியில்.

விடிந்தபோது பதினொரு டிஷ்ஷில் ஏழு இல்லை.
எங்களுடையது மிச்சம்,
ஆனால் முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டது.
குடைக் கம்பி அப்படியே நின்றது.

நாலு நாள் கழித்துக் கரன்ட் வந்தது.
எதிர்வீட்டுச் சேனலில், மேலிருந்து எடுத்த படம்.
பழுப்புத் தண்ணீர், நடுவே ஒரு மாடி,
அதன்மேல் புள்ளிகள்.
பதினாறு வருஷத்தில் டி.வி.யில் முதல்தடவை
எங்கள் வீடு.
வலது மூலையில் நிற்பது நான்தான் என்றேன்.
போடா, அது தண்ணி டேங்க் என்றான் எப்ராயீம்.

மறுபடி காட்டுவார்கள் என்று
அதையே வைத்திருக்கிறோம்,
எட்டரை மணிக்கும்.