மூன்று கைகள்

எங்களிடம் மொத்தம் மூன்று கைகள்.
நான்காவது, பேருந்து நிறுத்தத்துப் பனிக்கட்டியில் வழுக்கி
மாவுக்கட்டுக்குள் உறங்குகிறது.

ஊலு நகரில் பிற்பகல் மூன்றுக்கே இருட்டு.
இல்போ ஒற்றை விரலால் பட்டியலை உருட்டுகிறான்.

சமையலறை ஆட்டம்?
வேண்டாம். போன முறை கருகிய வெங்காயத்துக்கு
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
பண்ணை?
அவன் மீன் பிடிக்கப் போய்விடுவான்,
மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது நான்தான்.
பேய் வீடு?
என் அலறலைப் பற்றிக் கீழ்வீட்டு ரைலி
ஏற்கெனவே கடிதம் எழுதிக் கதவில் செருகியிருக்கிறார்.

சுடுவது எதுவும் வேண்டாம் என்றான் அவனே.
இந்த மாதம்தான் அவன் தம்பி
ராணுவச் சேவைக்குப் போனான்.

கடைசியில் அகப்பட்டது, தள்ளுபடியில் நான்கு யூரோவுக்கு:
ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிய
இரண்டு மலையேறிகள்.
எழுத்துகள் எனக்கு, அம்புக்குறிகள் அவனுக்கு.
குதிக்கும் விசை
இருவருக்கும் பொது.

பிடித்துக்கொள், என்கிறேன்.
ம்.
நான் சொன்ன பிறகு குதி.
ம், ம்.

டொக்!
ஸ்பேஸ்பாரின் மேல் மாவுக்கட்டு.

நான் சொல்லவே இல்லை.
கயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போகிறது
திரையின் அடி விளிம்பைத் தாண்டி.

மேசைக் காபி ஆடி அடங்கவில்லை,
இன்னொரு தடவை, என்கிறான்
ஓங்கிய கட்டோடு.