மூன்றா எட்டா

போன தை மாசம் கூந்தன்குளம் கரையில்
வரித்தலை வாத்துகள் எண்பது இருக்கும்,
சேற்று மேட்டில் வெயில் காய்ந்துகொண்டு.
ஒன்றின் கழுத்தில் மட்டும் பச்சைப் பட்டை.
பட்டையில் எழுத்து.
எங்கேயோ குளிர்ந்த ஏரிக்கரையில்
யாரோ அதைப் பிடித்து மாட்டி,
படிக்கிறவர் படிக்கட்டும் என்று
பறக்க விட்டிருக்கிறார்.
என் போனில் அது பச்சைப் புள்ளி.
பெரிதாக்கினால் பெரிய புள்ளி.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
இடதுக்கு ஓர் எழுத்து, வலதுக்கு ஓர் எழுத்து
ஈயத்தில் வைக்காமல்
ஒரு முழங்காலைக்கூட வெளியே அனுப்பியதில்லை.
எழுத்தில்லாத படம்
யாருடைய படமும் இல்லை.
ஒன்பது மாசம் அந்த வாத்து
தூக்கத்தில் வந்து
கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

தீபாவளி முன்பணம் வந்த சனிக்கிழமை
வண்ணார்பேட்டை, நெய்னா கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் மூன்றை எடுத்து வைத்தான்.
முதலாவது பீரங்கி.
"எக்கா, இதுல நிலாவுல உள்ள குழி தெரியும்."
நிலா வேண்டாம் நெய்னா, கழுத்துதான் வேணும் என்றேன்.
புரியாமல் தலையாட்டினான்.
ஒன்றரைக் கிலோ.
பகல் முழுக்க ஈய அங்கி சுமக்கிற தோள்
தூக்கியதுமே பதில் சொல்லிவிட்டது.
இரண்டாவதில் வியூஃபைண்டர் கிடையாது,
முதுகில் திரை மட்டும்.
பத்து மணி வெயிலில் குளத்தங்கரையில்
அந்தத் திரையில் என் மூக்குதான் தெரியும்.
மூன்றாவது சின்னது.
சோற்று டப்பா பக்கத்தில் ஒண்டிக்கொள்ளும்.
முப்பது மடங்கு.
எட்டிப் பார்க்கத் துளை உண்டு, கடுகளவு.

கடை வாசலில் நின்று
எதிர்க் கோபுரத்துச் செம்பருந்தைப் பிடித்தேன்.
இழுக்க இழுக்க வந்தது:
கோபுரம் போய், கம்பி போய்,
வெள்ளைத் தலை, அலகு,
அலகில் ஏதோ ஒரு சவ்வு.
கடைசி மடங்கில்
என் கை நடுக்கமும் முப்பது மடங்கானது.
"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அமுக்குங்கக்கா."
சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரிடம்
நான் சொல்கிற வசனம்.

பீரங்கியை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
அது இரண்டு பங்கு கிட்டே காட்டும்.
கானலையும் சேர்த்துத்தான் கிட்டே காட்டும்.
விலைச்சீட்டைப் பார்க்க
எந்தக் கேமராவும் தேவைப்படவில்லை.

சின்னதை வாங்கினேன். எட்டுத் தவணை.
"இன்வெர்ட்டர் பேட்டரி மாத்தியிருக்கலாமே"
என்றார் சாலமோன்.
மாற்றியிருக்கலாம்.
அன்று இரவு கரண்ட் போனபோது
இருவருமே ஒன்றும் பேசவில்லை.

மறுபடி தை.
விடியுமுன் ஸ்கூட்டரில்,
மூலைக்கரைப்பட்டி வழி,
பனியில் கண்ணாடி மங்க மங்கத் துடைத்துக்கொண்டு.
நூற்றுச்சொச்சம் வாத்துகள்.
பச்சைப் பட்டையைக் காணோம்.
ஒவ்வொரு கழுத்தாகத் தேடி முடித்து
எழுந்து காலை உதறும்போது
மேட்டின் அந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறது
சிவப்புப் பட்டை ஒன்று.

மதகுச் சுவரில் முழங்கையை ஊன்றினேன்.
"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.
எருமைகளைக் குளிப்பாட்ட வந்தவர்
கரைமேல் அப்படியே நின்றார்.

கே என்று ஓர் எழுத்து.
அப்புறம் ஏழு.
அப்புறம், இறகு மடிகிற இடத்தில்,
மூன்று.
அல்லது எட்டு.
நாற்பத்தொரு படம் எடுத்தேன்.
இருபதில் மூன்று, பதினாறில் எட்டு,
ஐந்தில் வெறும் புல்.
பீரங்கியென்றால் தெரிந்திருக்கும்.
தெரிந்திருக்காது, அதற்குள் வெயில் ஏறிவிட்டது.
ஆஸ்பத்திரியென்றால்
கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க என்பேன்.
குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு சாய்கோடு போட்டேன்.

பின்னால் ஒருவர் செருமினார்.
எருமைக்காரர்.
இவ்வளவு நேரமும்
நான்கு எருமையின் கயிற்றையும்
கையில் சுற்றிப் பிடித்தபடி
தண்ணீரைப் பார்த்து நின்றிருக்கிறார்.

"விடலாமாம்மா?" என்றார்.